கரைக்கு ஒரு கட்டு

ஏரி வற்றிக்கொண்டிருந்தது. மேல்கரை, கீழ்கரை வயல்களில் நல்லா விளையிற கரைக்குத்தான் அடுத்த போகத்துக்குத் தண்ணீர் என்றார் மணியக்காரர். களத்துக் குவியல்களிலிருந்து கரைக்கு ஒரு கதிர்க்கட்டை உருவித் தராசில் வைத்தார். மேல்கரைத் தட்டு தாழ்ந்தது.

“கீழ்கரை மடையை அடைங்கடா.”

கீழ்கரைக் கூலியாள் மாசானம் தராசுக்கு முன்னால் வந்து நின்றான். “சாமி, மேல்கரைக் கட்டுலயே ரெண்டை எடுத்து நிறுத்துப் பாருங்க.”

நிறுத்தார். அதிலும் ஒரு தட்டு அதே அளவு தாழ்ந்தது.

“ஒரே கரைக்குள்ள இத்தனை ஏத்த இறக்கம். ஒத்தைக் கட்டை வச்சு எந்தக் கரை உசத்தின்னு எப்படிச் சொல்றது?”

கூட்டம் சிரித்தது. மணியக்காரர் முகம் சுண்டியது.

“அப்ப ரெண்டு கரைக்கும் வித்தியாசம் இல்லை. ரெண்டு மடையையும் அடைங்கடா.”

“வித்தியாசம் தெரியலைன்னுதானே சாமி சொன்னேன், இல்லைன்னா சொன்னேன்?”

யார் காதிலும் விழவில்லை. மிஞ்சிய தண்ணீர் வேறொரு மடை வழியாக மணியக்காரரின் வெற்றிலைக் கொடிக்காலுக்குப் பாய்ந்தது. மாசானத்தின் சாமர்த்தியத்தில் கண்ட பலன், மேல்கரையும் சேர்ந்து அழுததுதான்.