பல் முளைத்த பால்குடி

இரண்டு பக்கமும் சத்தியம் செய்து கொடுத்தவன் பாடு மத்தளத்தின் பாடுதான். ருஷ்ய எல்லைக் கோட்டை ஒன்றில், ஒருவர் பேச்சை மற்றவர் மொழியில் சொல்லும் துபாஷியாக இருந்த இஸ்தோமா அப்படிப்பட்டவன். தெற்கே புல்வெளியிலிருந்து தாத்தாரியர் கோடைதோறும் குதிரையில் வந்து ஆட்களைப் பிடித்துப் போவார்கள். ருஷ்யர்கள் துரத்திப் போய் அவர்களில் சிலரைப் பிடித்து வருவார்கள். சண்டை ஓய்ந்த மாதங்களில், எல்லை ஆற்றின் நடுவே இருந்த மணல்திட்டில் கைதிகளை மாற்றிக்கொள்வார்கள். தலைக்குத் தலை, கூடவும் கூடாது, குறையவும் கூடாது.

ஆயுதம் ஏந்தியவன் திட்டில் கால் வைக்க முடியாது. துபாஷி மட்டும் அங்கே நிற்பான். "கேட்டதைக் கேட்டபடி, கண்டதைக் கண்டபடி இரு கரைக்கும் சொல்வேன்" என்று ருஷ்யருக்குச் சிலுவையை முத்தமிட்டும், தாத்தாரியருக்கு உப்பைத் தொட்டும் இஸ்தோமா ஆணையிட்டிருந்தான். மீறினால் நாக்கை அறுப்பார்கள். அதில் மட்டும் இரு கரைக்கும் ஒரே சட்டம். பன்னிரண்டு வருடமாக அவன் ஓர் எழுத்துப் பிசகவில்லை. ஒருமுறை கோட்டைத் தளபதி கோபத்தில், "அந்தக் குதிரைத் திருடன்கிட்ட சொல்லு" என்று ஆரம்பிக்க, இவன் எதிர்க்கரையைப் பார்த்து "குதிரைத் திருடனே!" என்று அதிலிருந்தே தொடங்கினான். அந்தக் கூட்டத்தின் தலைவனான மிர்சா பர்னாஷ் வயிறு குலுங்கச் சிரித்தான். இஸ்தோமா சொன்னால் சரியாக இருக்கும் என்ற பெயர் அன்றோடு நிலைத்துவிட்டது. அந்தப் பெயரைத் தவிர அவனிடம் பெரிதாக வேறெதுவும் இல்லை.

அந்த வருடம் கடைசியாக வந்த கைதி ஃபெதீன்யா. மூன்று வருடத்துக்கு முன் வயலில் கதிர் அறுத்துக்கொண்டிருந்தபோது பிடிபட்டவள். அய்தெமிர் என்ற குதிரைக்காரன் கூடாரத்தில் இருந்தாள். அவனுடைய தம்பி ருஷ்யரிடம் விலங்கில் கிடந்தான். அவனுக்கு ஈடாகத்தான் இவளை அனுப்புகிறார்கள். அய்தெமிரே படகைத் தள்ளிக்கொண்டு வந்து அவளைத் திட்டில் இறக்கினான். அவள் இடுப்பில் ஒரு குழந்தை இருந்தது. அவனுக்கும் அவளுக்கும் பிறந்த மகன்.

தளபதி தன் கரையிலிருந்து கத்தினான்: "நாங்க கொடுக்கறது ஒரு ஆள்தான். அந்தப் பிள்ளை ஏது?"

"அது எங்க பிள்ளை. அவ மட்டும் வரட்டும்" என்றது எதிர்க்கரை.

ஃபெதீன்யா மணலில் உட்கார்ந்துவிட்டாள். "என் பிள்ளைய விட்டுட்டு நான் எங்கய்யா போவேன்? என்னை இங்கயே வெட்டிப் போடுங்க" என்று அழுதாள். இஸ்தோமா அதையும் இரு மொழியில் சொன்னான். அவன் தொழில் அது.

மிர்சா கொஞ்ச நேரம் தாடியைத் தடவினான். பிறகு சொன்னான்: "எங்க வழக்கம் ஒண்ணு இருக்கு. மந்தையை எண்ணும்போது பால்குடிக் குட்டியைத் தனியா எண்ணமாட்டோம். புல்லைக் கடிக்கிற வரைக்கும் தாயோட சேர்ந்து அது ஒண்ணுதான். துபாஷி, நீ இரு கரைக்கும் பொதுவானவன். பிள்ளை பால்குடியா, ரொட்டி தின்கிறதான்னு பார்த்துச் சொல்லு. பால்குடின்னா அவளோட போகட்டும். இல்லேன்னா இங்கயே இருக்கட்டும்."

தளபதியும் ஒப்புக்கொண்டான்.

இஸ்தோமா குனிந்து குழந்தையின் வாயைத் திறந்து பார்த்தான். மேலே நாலு, கீழே நாலு பல். கடைவாய்ப் பல்லும் ஈறைக் கிழித்துக்கொண்டு வந்திருந்தது. உதட்டோரத்தில் மென்ற ரொட்டி ஒட்டியிருந்தது. ஃபெதீன்யா அவன் முகத்தையே பார்த்தாள். இரண்டடி தள்ளிப் படகைப் பிடித்துக்கொண்டு அய்தெமிர் நின்றான். அவன் சட்டை மடிப்பில் மீதி ரொட்டி இருந்தது. வழி நெடுக அவன்தான் ஊட்டிக்கொண்டு வந்திருக்கிறான்.

இஸ்தோமா நிமிர்ந்தான். முதலில் தாத்தாரிய மொழியில், பிறகு ருஷ்ய மொழியில், உரக்கச் சொன்னான்:

"பால்குடி!"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று.

மிர்சா விடவில்லை. "அய்தெமிர், நீ தகப்பன். துபாஷி சொல்றது மெய்தானா?"

அய்தெமிர் துபாஷியைப் பார்த்தான், பிறகு மகனைப் பார்த்தான். 'இல்லை' என்று ஒரு சொல் சொன்னால் போதும்: தம்பியும் கிடைப்பான், மகனும் தங்குவான், பொய் சொன்னவன் நாக்கும் போகும். அவன் மகனின் உதட்டைக் கட்டைவிரலால் துடைத்துவிட்டான்.

"மெய்" என்றான்.

ருஷ்யர் படகில் வந்த தம்பி அய்தெமிரின் படகில் ஏறினான். ஃபெதீன்யாவும் குழந்தையும் ருஷ்யர் படகில் ஏறினார்கள். ருஷ்யக் கரையில் தளபதி சந்தோஷத்தில் குழந்தையின் கையில் ஒரு பெரிய ரொட்டித் துண்டைக் கொடுத்தான். பாவி மகன், இரு கரையும் பார்க்க அதைக் கடித்து இழுத்துத் தின்றான்! தாத்தாரியர் பக்கம் பத்துப் பன்னிரண்டு வில்கள் உயர்ந்தன. மிர்சா கையமர்த்தினான்.

"உங்க கரைக் காத்து பட்டதும் பல்லு முளைச்சிருச்சே, துபாஷி!" என்று சொல்லிவிட்டுக் குதிரையைத் திருப்பிக்கொண்டு போனான்.

கதை கேட்டவர்களே, நாக்கைப் பணயம் வைத்துத் துபாஷி பொய் சொன்னான். தகப்பன் அதை மெய் என்றான். மிர்சா கண்ணால் கண்டும் விட்டுவிட்டான். ஃபெதீன்யாவுக்கு அவள் பிள்ளையைக் கொடுத்தது இந்த மூவரில் யார்?

விடை: அய்தெமிர். மிர்சா விட்டுக்கொடுத்தது அவனுடைய பிள்ளையை அல்ல. அதுவும் படகு கரை சேர்ந்த பிறகு. துபாஷி துணிந்தவன்தான், ஆனால் உண்மை தெரிந்தவன் பக்கத்தில் நிற்கும்போது பொய்க்கு என்ன பலம்? தெரிந்தும், தடுக்க முடிந்தும், தன் சொந்த மகனையே விட்டவன் அய்தெமிர் ஒருவன்தான். இஸ்தோமாவும் அப்படித்தான் நினைத்தான். அந்த வாரமே துபாஷி வேலையை விட்டுவிட்டான். ஏன் என்று கேட்டவர்களிடம், "அவன் ரெண்டடி தூரத்துலதான் நின்னான். எனக்கு ரெண்டு மொழி தெரியும். அவன்கிட்டச் சொல்ல ஒரு வார்த்தை வரலை" என்றான்.