புளியங்குளத்து ஏகாதசி

மருதங்கோட்டை அரசர் அழகேசருக்கு விரதம் என்றால் உயிர். ஏகாதசி அன்று பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாது. மறுநாள் துவாதசிப் பாரணைக்கு இருபத்தொரு காய்கறி வேண்டும், அது வேறு விஷயம்!

அப்படி ஓர் ஏகாதசி அன்று பல்லக்கில் புளியங்குளம் வழியாகப் போனார். எந்த வீட்டுக் கூரையிலும் புகை இல்லை.

"என்ன அமைச்சரே, ஊரே சமைக்கவில்லையா?"

மழை பொய்த்து இரண்டு வருஷம். களஞ்சியத்தைத் திறக்கச் சொல்லி ஊரார் அனுப்பிய ஓலைகளையெல்லாம் அமுக்கி வைத்திருந்தவர் அமைச்சர் நாகலிங்கர். மனுஷன் கூசாமல் சொன்னார்: "இன்று ஏகாதசி அல்லவா பிரபு! ஊரே விரதம்."

அரசருக்குப் புல்லரித்தது. "அடடா, என்னைப் போலவே! இவர்கள் பக்தியைக் கல்லில் வெட்டி வையுங்கள்!"

பசித்த வயிற்றுக்குக் கல்வெட்டு! கூட வந்த விகடகவி கொம்பையாவுக்கு வயிறு எரிந்தது. முகத்தில் மட்டும் சிரிப்பு மாறவில்லை.

"பேஷ் மகாராஜா! எதை ஒதுக்கினோம் என்பதில்தானே விரதத்தின் பெருமை? அதையும் கல்லில் சேர்ப்போம். தாங்கள் இன்று எதை ஒதுக்கினீர்கள்?"

அரசர் நாக்கில் எச்சில் ஊற அடுக்கினார். "நெய்ப்பொங்கல், மிளகு வடை, பால் பாயசம்... சமையல்காரன் கெஞ்சினான். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்!"

"பலே! இனி ஊராரையும் கேட்டுவிடுவோம்."

வேலியோரம் நின்ற சுடலைமுத்து என்ற விவசாயியைக் கொம்பையா கூப்பிட்டார். "அண்ணாச்சி, இன்னிக்கு நீங்க எதை வேண்டாம்னு சொன்னீங்க?"

அவர் திருதிருவென்று விழித்தார். "வேண்டாம்னு சொல்ல யாராச்சும் ஏதாச்சும் குடுத்தாத்தானே சாமி? நேத்தும் அடுப்பு எரியல, முந்தாநாளும் எரியல. பிள்ளைங்க புளியங்கொட்டைய ஊறவச்சுத் தின்னுட்டுக் கெடக்குதுங்க."

அரசரின் முகம் சுண்டிப் போனது. அமைச்சரைப் பார்த்தார். அமைச்சர் பல்லக்கின் குஞ்சத்தைப் பார்த்தார்.

அன்றைக்கே களஞ்சியம் திறந்தது. நெல் மூட்டைகளோடு அரண்மனைச் சமையல்காரர்களும் வந்து இறங்கினார்கள். பரிமாறுகிற வேலை நாகலிங்கருக்கு. அரசர் பக்கத்திலேயே நின்றுகொண்டார்.

நான்காம் முறை சோறு வந்தபோது சுடலைமுத்து இலையைக் கையால் மறைத்தார். "போதும் சாமி, வேண்டாம்!"

கொம்பையா துள்ளிக் குதித்தார். "கேட்டீர்களா மகாராஜா? இந்த ஊருக்கு இப்போதுதான் விரதம் இருக்கும் வசதி வந்திருக்கிறது!"

காலி வயிறு குலுங்கச் சிரித்த அரசர், தன் முத்துமாலையைக் கழற்றிக் கொம்பையாவின் கழுத்தில் போட்டார்.