வலது கைப் பக்கம் வாய்க்கால்

எங்கள் தெருக்காரர்களை வெளியூர்க்காரன் யாராவது முட்டாள் என்று சொன்னால் எனக்குப் பொல்லாத கோபம் வரும். நாங்களே சொல்லிக்கொள்ளலாம், அது வேறு. அதிலும் எதிர்வீட்டு அம்பலவாணனைப் பற்றிச் சொல்ல எனக்குப் பூரண உரிமை உண்டு. அவர் வீட்டு வாசலும் என் வீட்டு வாசலும் நேருக்கு நேர். அங்கே நடப்பது என் கண்ணில் படக்கூடாது என்றால் நான் கண்ணை மூடிக்கொண்டுதான் உட்கார வேண்டும். அந்த அளவுக்கு எனக்கு இன்னும் வயதாகவில்லை.

அந்த வீட்டில் மூன்று ஆண்கள். அம்பலவாணன், அவர் தம்பி சட்டைநாதன், அவர் மச்சான் குஞ்சிதபாதம். மூன்று பேருமே உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர்கள். உத்தியோகத்தில் இருந்தபோதும் ஓய்வாகத்தான் இருந்தார்கள் என்று கேள்வி. அந்த வீட்டில் புத்தி என்று ஒன்று இருந்தது; அது அம்பலவாணனின் மனைவி பொறுப்பில் இருந்தது. அந்த அம்மாள் காலமான பிறகு மகள் வடிவாம்பாள் அதை எடுத்துக்கொண்டாள்.

வடிவு பள்ளிக்கூடத்து டீச்சர். அதே பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கும் சேந்தனுக்கும் அவளுக்கும் மனசு ஒத்துப்போய்விட்டது. சேந்தன் தங்கமான பையன். அவன் அப்பா ஏகாம்பரம்தான் தலைவலி. பூவிளந்தூர்ப் பெரிய வீட்டுக்காரர். பழைய ஊர், பழைய கோயில், கோயில் சுவரில் கல்வெட்டு, கல்வெட்டில் அவருடைய முன்னோர் பெயர். விவரம் தெரிந்த ஒருவர் ஒரு தடவை வந்து அதைப் படித்தார். அந்த முன்னோர் ஊர் வாய்க்கால் தண்ணீரைத் திருட்டுத்தனமாகத் தன் வயலுக்குத் திருப்பி, கையும் களவுமாகப் பிடிபட்டு, தண்டனையாகக் கோயிலில் விளக்கு வைத்தார் என்று எழுதியிருப்பதாகச் சொன்னார். ஏகாம்பரம் விளக்கு வைத்ததை மட்டும் காதில் வாங்கிக்கொண்டார்.

அவருக்கு எல்லாவற்றிலும் மரியாதை வேண்டும். சேந்தனுக்கு முன்பு ஒரு இடம் வந்தபோது, பெண்ணின் அப்பா விடைபெற்றுப் போகையில் தன்னிடம் முதுகைக் காட்டிப் படியிறங்கினார் என்று அந்தச் சம்பந்தத்தையே முறித்துவிட்டார். போகிறவன் முதுகைக் காட்டாமல் எப்படிப் போவான் என்று யாரும் கேட்கவில்லை. பெரிய வீடாயிற்றே.

இப்போது அம்பலவாணன் வகையறா அங்கே மாப்பிள்ளை வீடு பார்க்கப் போக வேண்டும். வடிவுக்கு மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை. அவள் பயம் நியாயமானது. இவர்கள் போய் ஏதாவது செய்து வைத்தால் கல்யாணம் அன்றோடு சரி.

ஆற்றுப் பாலத்தில் வேலை நடந்ததால் பூவிளந்தூருக்கு பஸ் இல்லை. சேந்தன் போனில் வழி சொன்னான். வாய்க்கால் கரையோடு காலாற நடந்து வந்தால் போதும், நிழலான பாதை, சிரமமே இல்லை. நடுவில் மதகு வரும், அங்கே நிறையப் பேர் அக்கரைக்கு மாறி வேறு ஊருக்குப் போய்விடுவார்கள். அதனால் வாய்க்காலை வலது கைப் பக்கமே வைத்துக்கொள்ள வேண்டும், எந்தக் காரணத்துக்கும் மாற்றக் கூடாது. ஊர் எல்லையில் பழைய கல் மண்டபம் இருக்கிறது, அங்கே நில்லுங்கள், நான் வந்து கூட்டிப்போகிறேன் என்றான்.

வடிவு அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: “அப்பா, சொன்னதை மட்டும் செய்யுங்க. சொந்தமா எதையும் யோசிக்காதீங்க.”

அப்படியே ஆகட்டும் என்றார் அம்பலவாணன். மற்ற இரண்டு பேருக்கும் இதில் ஒரு கஷ்டமும் இருக்கவில்லை.

கிளம்பும் நேரத்தில் சட்டைநாதன் ஒரு சிக்கலைக் கண்டுபிடித்தார். நல்ல காரியத்துக்கு மூன்று பேராகப் போகக் கூடாது. போக நேர்ந்தால் ஒரு கல்லைக் கையில் எடுத்துக்கொண்டு நாலாவது ஆளாகக் கணக்கு வைப்பது நம் பக்கத்து வழக்கம்தான். மற்றவர்கள் ஒரு கூழாங்கல்லைப் பையில் போட்டுக்கொண்டு போவார்கள். குஞ்சிதபாதம் கூழாங்கல்லைக் கையில் வைத்து உருட்டிப் பார்த்துவிட்டு, இவ்வளவு சின்னப் பையனைப் பெரிய மனுஷர் வீட்டுக்கு எப்படி அழைத்துப்போவது என்றார். அது நியாயமாகப் பட்டது. கடைசியில் அம்மிக் குழவியைத் தூக்கிக்கொண்டார்கள். அது அந்த வீட்டில் எல்லோரையும்விட மூத்தது.

வாய்க்கால் கரை அன்றைக்கு அழகாகத்தான் இருந்திருக்கும். இரண்டு பக்கமும் புங்கமரம், தண்ணீரில் அல்லி, வயலில் கொக்கு. இவர்கள் ஒன்றையும் பார்க்கவில்லை. மூன்று பேரும் வலது பக்கமே கழுத்தைத் திருப்பி வைத்து வாய்க்காலைக் காவல் காத்துக்கொண்டு நடந்தார்கள். குழவியை ஆளுக்குக் கொஞ்ச தூரம் இடுப்பில் வைத்துச் சுமந்தார்கள்.

மதகைத் தாண்டினதும் ஒரு எருமை கரையின் குறுக்கே படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. இடது பக்கம் ஆள் போகிற அளவுக்கு இடம் இருந்தது. அம்பலவாணன் காலை எடுத்து வைத்தார். சட்டைநாதன் அவர் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

“அண்ணே, அந்தப் பக்கமாப் போனா நம்ம வலது கைப் பக்கம் என்ன இருக்கும்?”

“வாய்க்கால்.”

“இல்லண்ணே. எருமை இருக்கும். வாய்க்கால் எருமைக்குத்தான் வலது பக்கம்.”

மூன்று பேரும் இதை எல்லாக் கோணத்திலும் யோசித்துப் பார்த்தார்கள். தம்பி சொல்வதில் ஓட்டை ஒன்றும் தெரியவில்லை. எருமை எழுந்து போகும்வரை குழவியோடு அங்கேயே காத்திருந்தார்கள். எருமைக்கு அவசர வேலை எதுவும் இல்லை.

ஒரு வழியாக மண்டபம் வந்தது. உள்ளே குளுகுளுவென்று கல் மேடை. இவர்கள் வெளியே வெயிலில் நின்றார்கள். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மாள், ஏன் சாமி, உள்ளே போய் உட்காரக் கூடாதா என்று கேட்டாள். நிற்கத்தான் சொல்லியிருக்கிறார்கள் என்றார் குஞ்சிதபாதம். அந்த அம்மாள் ஆடுகளைக் கொஞ்சம் தள்ளி ஓட்டிக்கொண்டு போனாள்.

சேந்தன் வந்து கூட்டிப்போகும்வரை மூன்று பேரும் நின்றபடியே இருந்தார்கள். வீட்டில் உட்காரச் சொன்ன நிமிஷமே நாற்காலியில் சரிந்தார்கள். நாலாவது நாற்காலியில் குழவியை உட்கார வைத்தார்கள். ஏகாம்பரம் புருவத்தைத் தூக்கினார். “எங்க கூட வந்தவர். வீட்டுக்கே மூத்தவர்” என்றார் அம்பலவாணன். டவுன்காரர்கள் வழக்கம் தனக்குத் தெரியாது என்று காட்டிக்கொள்ள ஏகாம்பரத்துக்கு மனசு வரவில்லை. குழவிக்கும் ஒரு காபி கொண்டுவரச் சொன்னார்.

பிறகு கல்வெட்டுக் கதையை ஆரம்பித்தார். முன்னோர், விளக்கு, நெய், அந்தக் காலத்து ராஜா என்று கதை நீண்டுகொண்டே போயிற்று. நடந்த களைப்பில் மூன்று பேரும் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே தூங்கினார்கள். குழவி மட்டும் அசையாமல், குறுக்கே பேசாமல் கடைசி வரை கேட்டது. ஏகாம்பரத்துக்கு அதன்மேல் தனி மதிப்பு உண்டாயிற்று.

விடைபெறும் நேரம். ஏகாம்பரம் வாசல் தூணில் சாய்ந்து, இவர்கள் எப்படிப் போகிறார்கள் என்று பார்க்கவே நின்றார். சேந்தனும் பக்கத்தில் நின்றான். மூன்று பேரும் கும்பிட்டுவிட்டுக் கரைக்கு வந்தார்கள். எதிரேதான் கரை. வந்ததும் அப்படியே நின்றுவிட்டார்கள். வாய்க்கால் இடது பக்கம் இருந்தது.

“வரும்போது வலது பக்கம் இருந்ததை யார் மாத்தி வெச்சது?” என்றார் அம்பலவாணன்.

யாரும் மாற்றியிருக்க முடியாது, இது கனமான வாய்க்கால் என்றார் குஞ்சிதபாதம். சட்டைநாதன் யோசிக்கிற மாதிரி ஊரைப் பார்த்துத் திரும்பினார். திரும்பினதும் முகம் மலர்ந்துவிட்டது. வாய்க்கால் வலது பக்கம் வந்துவிட்டது. மற்ற இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள், அவர்களுக்கும் வந்துவிட்டது. இப்படியே, இதே பக்கம் பார்த்தபடியே வீட்டுக்குப் போய்விடலாம் என்று முடிவாயிற்று. பின்பக்கமாக நடக்க ஆரம்பித்தார்கள். கும்பிட்ட கையை எப்போது இறக்குவது என்று யாரும் சொல்லாததால் இரண்டு பேர் கும்பிட்டபடியே போனார்கள். மூன்றாமவர் கையில் குழவி.

ஏகாம்பரம் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு அடி போனார்கள், முதுகு தெரியவில்லை. தென்னந்தோப்பு வரை போனார்கள், முதுகு தெரியவில்லை. புள்ளியாகத் தேய்ந்து மறைகிற வரைக்கும் அவர் முகத்தையே பார்த்துக் கும்பிட்டுக்கொண்டு போனார்கள். அவர் தோள் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “டேய் சேந்தா, மரியாதைன்னா இதுடா. சம்பந்தம் பண்ணினா இவங்ககூடத்தான்” என்றார்.

இவர்கள் வழியில் எருமைமேல் மோதி, சட்டைநாதன் வாய்க்காலில் விழுந்து, வாய்க்கால் இப்போது எனக்கு எல்லாப் பக்கமும் இருக்கிறது என்று கழுத்தளவுத் தண்ணீரிலிருந்து கவலையோடு சொன்னதையெல்லாம் அவர் பார்க்கவில்லை. வடிவு வாசலில் காத்திருந்தாள். மூன்று முதுகுகள் தெருவுக்குள் வருவதைப் பார்த்துக் கல்யாணம் நின்றுபோயிற்று என்றே நினைத்தாள் பாவம். சேந்தனின் போன் வந்த பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

அத்தோடு விட்டிருக்கலாம். ஏகாம்பரம் விடுவாரா? அம்பலவாணனுக்கு போன் போட்டு, அந்த நடையின் முறை என்ன என்று விசாரித்தார். வாய்க்கால் வலது கைப் பக்கம் இருக்க வேண்டும், அவ்வளவுதான் என்றார் இவர். சரி, மரியாதையில் நாங்கள் இளைத்தவர்களா என்று ஏகாம்பரம் நினைத்துக்கொண்டார்.

கல்யாணம் எங்கள் ஊரில், வாய்க்காலை ஒட்டின மண்டபத்தில். முகூர்த்தம் நெருங்கிவிட்டது, மாப்பிள்ளை வீட்டாரைக் காணோம். ஐயர் கடிகாரத்தைக் காட்டிக் காட்டிப் பேசினார். வடிவு மாலையும் கழுத்துமாக வாசலைப் பார்த்தபடி இருந்தாள். நானும் வாசலில்தான் நின்றேன். அப்போது கரையில் ஒரு கூட்டம் தெரிந்தது. பட்டுவேட்டி, சீர்வரிசைத் தட்டு, நாதஸ்வரம், எல்லாம் முதுகைக் காட்டிக்கொண்டு. ஏகாம்பரத்தின் முதுகுதான் முதலில் வந்தது. ஒரு முதுகுக்காகச் சம்பந்தத்தை முறித்த மனுஷர்.

“ஐயோ, கோவிச்சுக்கிட்டுப் போறாங்களே” என்று அம்பலவாணன் தலையில் கை வைத்தார்.

“வரவே இல்லையே அத்தான், அதுக்குள்ள எப்படிப் போவாங்க?” என்றார் குஞ்சிதபாதம்.

சட்டைநாதன் கண்ணுக்கு மேல் கையை வைத்து நெடுநேரம் பார்த்தார். “நல்ல மனுஷங்கண்ணே. போகப் போகக் கிட்ட வர்றாங்க.”

போகிறவர்களைத் தடுக்கலாமா, தெருமுனை வரை கூடப் போய் வழியனுப்புவது முறையா என்று விவாதம் தொடங்கிவிட்டது. முகூர்த்தம் நழுவிக்கொண்டிருந்தது. வடிவு எழுந்து வாசலுக்கே வந்துவிட்டாள்.

“அப்பா, அவங்க வர்றாங்க. முதுகைப் பிடிச்சு உள்ளே இழுங்க.”

சொன்னதை மட்டும் செய்கிறவர்கள் அல்லவா? ஒவ்வொருவராக இழுத்துப் போட்டார்கள். நாதஸ்வரக்காரரையும் விடவில்லை. சேந்தன் மணவறையில் வந்து விழுந்த வேகத்திலேயே தாலியைக் கட்டினான். வடிவு அழுதாள். நானும் கொஞ்சம் அழுதேன், அதில் என்ன வெட்கம்.

சாப்பாடு முடிந்தது. பொழுது சாய்வதற்குள் பெண் பூவிளந்தூர் போய் விளக்கேற்ற வேண்டும். எழுந்த ஏகாம்பரம் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். ஊரைப் பார்த்து நடந்தால் சம்பந்திக்கு முதுகைக் காட்ட வேண்டும். சம்பந்தியைப் பார்த்தபடி பின்பக்கமாகப் போனால் வாய்க்கால் இடது பக்கம் வந்துவிடும். அம்பலவாணனைக் கலந்தார். அவர் தம்பியைக் கலந்தார். தம்பி மச்சானைக் கலந்தார். இரண்டு வீட்டாரும் மறுபடி உள்ளே போய் உட்கார்ந்தார்கள்.

சேந்தனும் வடிவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். செருப்பைப் போட்டுக்கொண்டு, கையைப் பிடித்துக்கொண்டு, பேசிக்கொண்டே கரையோடு நடந்து போய்விட்டார்கள். வாய்க்கால் அவர்களுக்கு வலது பக்கம்தான் இருந்தது. அவர்கள் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

மண்டபத்தில் பேச்சு இன்னும் முடியவில்லை. நேற்று நான் எட்டிப் பார்த்தேன். யார் சொன்னால் இரண்டு வீட்டாரும் கேட்பார்கள் என்று யோசித்து, ஏகாம்பரமே ஒரு பெயரைச் சொல்லி, எல்லோரும் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். அவரை நடுவில் பட்டு விரித்த நாற்காலியில் உட்கார வைத்து, சுற்றிலும் வாய் பொத்தி நிற்கிறார்கள். குழவி யோசித்துக்கொண்டிருக்கிறது.