பின்னணியை நீக்கிய வீடு

அசமந்தபுரத்தில் புத்திசாலிகளே கிடையாது என்று சொன்னால் அது அபாண்டம். இருந்தார்கள். ஆனால் அவர்கள் எல்லாரும் விடிந்ததும் முதல் பஸ்ஸைப் பிடித்து வெளியூர் வேலைக்குப் போய்விடுவார்கள். பகல் முழுக்க ஊரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு மிச்சமிருந்தவர்கள் தலையில் விழுந்தது. அந்த மிச்சத்தில் முதல் ஆள் ஏகாம்பரம்.

ஏகாம்பரத்துக்குக் கெட்ட பழக்கம் ஒன்றும் இல்லை, பழைய சாமான் சேர்ப்பதைத் தவிர. ஓடாத கடிகாரம், மூடியில்லாத குக்கர், குக்கர் இல்லாத மூடி, காலொடிந்த நாற்காலி, யாரோ தலைமுழுகிய தையல் மிஷின், அப்புறம் யானை படுத்தது மாதிரி ஒரு மர பீரோ. வீட்டில் நடக்க வழியில்லை. அவர் மனைவி வடிவு சமையற்கட்டுக்குப் போக வேண்டுமென்றால் சாப்பாட்டு மேஜைக்கு அடியில் நுழைந்துதான் போவாள். ஒருநாள் கையில் ரசச் சட்டியோடு அப்படி நுழைந்தவள் பாதி வழியில் நிமிர்ந்துவிட்டாள். மண்டையிலும் அடி, ரசமும் போச்சு.

"இந்த வீட்டுல ஒண்ணு இந்தச் சாமான் இருக்கணும், இல்ல நான் இருக்கணும். எதுன்னு சொல்லுங்க."

கேள்வி என்று வந்துவிட்டால் அவசரப்பட்டு பதில் சொல்கிறவர் இல்லை ஏகாம்பரம். தன் கூட்டாளிகள் குப்புராசுவையும் சவரிமுத்துவையும் கூப்பிட்டு அனுப்பினார். மூவரும் உட்கார்ந்து தீர ஆலோசித்தார்கள்.

"அண்ணி ஒத்த ஆளு. பையைத் தூக்கினா முடிஞ்சுது, நடந்தே போயிடுவாங்க. பீரோவை வெளியேத்தணும்னா நாலு ஆள் வேணும் அண்ணே" என்றான் சவரிமுத்து.

"நாயமான பேச்சு" என்றார் ஏகாம்பரம்.

வடிவு பையைத் தூக்கினாள். "பாய் விரிக்க இடம் கிடைச்சா சொல்லி அனுப்புங்க" என்று வாசலில் நின்று சொல்லிவிட்டு, பக்கத்து ஊரில் இருந்த அண்ணன் வீட்டுக்கு நடையைக் கட்டினாள்.

அவள் போனபிறகு ஏகாம்பரம் சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். பீரோவைப் பார்த்தார். அது ஒன்றும் பேசவில்லை. திட்டவும் இல்லை. திட்டு வாங்காமல் சோறு தொண்டையில் இறங்கவில்லை. சாமானை விற்றுத்தான் ஆக வேண்டும் என்று முடிவு செய்து, பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் கடை வைத்திருந்த ரகமத்துல்லாவிடம் போனார்.

ரகமத்துல்லா ஏகாம்பரத்தின் போனில் ஒரு செயலியை ஏற்றிக் கொடுத்தார்.

"இது செயற்கை அறிவு. பொருளை போட்டோ எடுத்தா போதும். அதுவே வர்ணனை எழுதும், விலை போடும், ஆள் பிடிக்கும், பேரம் பேசும். எல்லாம் தானா நடக்கும். அது சொல்றதைச் செய்யுங்க. எதைக் கேட்டாலும் சம்மதம்னு அமுக்குங்க. நடுவுல நீங்க கை மட்டும் வச்சிடாதீங்க, புண்ணியமாப் போகும்."

வீட்டுக்கு வந்ததும் முதல் சிக்கல்.

"கை வைக்கக் கூடாதுன்னுட்டார். அப்புறம் எப்படி அமுக்குறது?" என்றார் ஏகாம்பரம்.

"கால் வைக்கக் கூடாதுன்னு சொன்னாரா?" என்றான் குப்புராசு.

சொல்லவில்லை. போனை ஒரு செங்கல்மேல் சாய்த்து வைத்தார்கள். குப்புராசு தரையில் உட்கார்ந்து, கால் கட்டைவிரலால் பீரோவைப் படம் எடுத்தான். விரலும் சேர்ந்து விழுந்தது. எந்திரம் ஒரு நொடி யோசித்துவிட்டு எழுதியது: 'உறுதியான மர பீரோ. கூடவே ஒரு கட்டைவிரல்.'

அடுத்து அது சொன்னது: 'பின்னணியை நீக்கவும்.'

"பின்னணின்னா?"

"பின்னாடி இருக்கறது அண்ணே."

மூவரும் பீரோவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்கள். சுவர் இருந்தது.

ஏகாம்பரம் தயங்கினார். அவருடைய அப்பா கட்டிய சுவர். ஆனால் வடிவு வர வேண்டுமே. கடப்பாரை வந்தது. சாயங்காலத்துக்குள் பின்பக்கச் சுவர் முழுசும் செங்கல்லாகச் சந்தில் குவிந்தது. திரும்பப் படம் எடுத்தார்கள். எந்திரம் மறுபடியும், 'பின்னணியை நீக்கவும்' என்றது. இப்போது பீரோவுக்குப் பின்னால் சந்தும், சந்தில் ஒரு எருமையும் தெரிந்தன.

"எருமையை ஓட்டிடலாம். சந்து பஞ்சாயத்துச் சொத்து. அதை நீக்கணும்னா தலைவரைக் கேக்கணும்" என்றான் சவரிமுத்து.

தலைவர் முதல் பஸ்ஸில் போகிற ரகம். ஊரில் இல்லை. அதனால் சந்து பிழைத்தது.

'படத்தின் ஓரங்களைச் செதுக்கவும்' என்றது எந்திரம். சவரிமுத்து உளியும் சுத்தியலும் கொண்டுவந்து பீரோவின் நாலு ஓரத்தையும் செதுக்கித் தள்ளினான். பீரோ பார்ப்பதற்குக் கடித்துவைத்த பணியாரம் மாதிரி ஆனது. எந்திரம் அசரவில்லை. 'அரிய கைவேலைப்பாடு' என்று சேர்த்து எழுதியது.

கடைசியாக ஒரு கேள்வி கேட்டது. 'மலிவாக வரும் பழைய பொருட்களை உங்களுக்காக நானே வாங்கிப் போடட்டுமா?'

ஏகாம்பரத்துக்கு முகம் மாறியது. "நாம விக்கத்தானே வந்தோம்?"

"எதைக் கேட்டாலும் சம்மதம்னு சொல்லச் சொன்னாரே அண்ணே. ஆசையாக் கேக்குது. முகத்துல அடிச்ச மாதிரி மாட்டேன்னா அதுக்கு வருத்தமா இருக்காதா?" என்றான் குப்புராசு, காலைத் தூக்கியபடி.

சம்மதம் என்று அமுக்கினான்.

குவளைத் தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் போன் கணீரென்றது. பீரோ விற்றுப் போய்விட்டது! வாங்கியவர் பேரம்கூடப் பேசவில்லை. ஏகாம்பரம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, வாங்கியவரின் பெயரைப் படித்தார்.

"ஏகாம்பரம். அட, என் பேரு!"

"முகவரி?"

"அசமந்தபுரம், கருப்பண்ணன் தெரு. நம்ம தெருதான். கதவு எண்ணும் நம்ம எண்ணுதான்."

மூவரும் வாசலுக்குப் போய்க் கதவு எண்ணை ஒருமுறை சரிபார்த்தார்கள்.

"அது எப்படி ஒரே எண்ணுல ரெண்டு வீடு இருக்கும்?" என்றான் குப்புராசு.

"ஒரே பேருல ரெண்டு ஆள் இருக்கும்போது ஒரே எண்ணுல ரெண்டு வீடு இருந்தா என்ன?" என்று சவரிமுத்து கேட்டான்.

பீரோவை மாட்டுவண்டியில் ஏற்றி வாசல் வழியாகக் கிளம்பினார்கள். தெரு தெருவாகச் சுற்றினார்கள். டீக்கடையில் வழி கேட்டபோது மாஸ்டர் முகவரியைப் பார்த்தார், ஏகாம்பரத்தைப் பார்த்தார், பின்பக்கச் சந்தைக் கையால் காட்டிவிட்டு டீ ஆற்றப் போய்விட்டார். சந்து வழியாகப் போனால் ஒரு வீடு வந்தது. அதற்குப் பின்சுவரே இல்லை.

"ஐயோ பாவம், சுவர் எழுப்பக்கூட வக்கில்லாத குடும்பம்" என்று ஏகாம்பரம் உச்சுக் கொட்டினார். "அப்படியிருந்தும் பேரம் பேசாம வாங்கியிருக்கார் பாரு."

வீட்டில் ஆள் இல்லை. உள்ளே பார்த்தால் பீரோவுக்கு அளவெடுத்த மாதிரி ஓர் இடம் காலியாக இருந்தது.

"வாங்குறதுக்கு முன்னாடியே இடம் ஒதுக்கி வச்சிருக்கார். இவர்தான்டா குடும்பஸ்தர்!"

பீரோவை அங்கே இறக்கிவைத்துவிட்டு, சொந்தக்காரர் வந்தால் ஒரு வணக்கம் போடலாமென்று காத்திருந்து பார்த்தார்கள். யாரும் வரவில்லை. திரும்பச் சந்தைச் சுற்றி, தெருவைச் சுற்றி வாசல் வழியாக வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள்.

அதிலிருந்து வியாபாரம் சூடு பிடித்தது. கடிகாரத்தையும் அவரே வாங்கினார். குக்கரை வாங்கினார், மூடியைத் தனியாக வாங்கினார். தினமும் வண்டி வாசல் வழியாகப் போய்ச் சந்து வழியாக வந்தது. பணமா? அதையும் எந்திரமே பார்த்துக்கொண்டது. இந்தக் கணக்கில் எடுத்து அந்தக் கணக்கில் போட்டது, அந்தக் கணக்கில் எடுத்து இந்தக் கணக்கில் போட்டது. 'இவரைப்போல நேர்மையான வியாபாரியைப் பார்த்ததில்லை' என்று வாங்கியவர் பெயரில் பாராட்டும் எழுதியது. ஏகாம்பரம் அதைப் படித்துவிட்டு, "நானும் இப்படி ஒரு மனுஷனைப் பாத்ததில்லை" என்று தழுதழுத்தார்.

வண்டி வண்டியாகச் சாமான் வெளியேறுகிற சேதி வடிவின் காதுக்குப் போனது. அவள் மனம் இளகிவிட்டது. தனக்காகத்தானே மனுஷன் இத்தனை பாடுபடுகிறார்? ஒரு தூக்குப் போணி நிறைய அதிரசம் எடுத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் வந்து இறங்கினாள்.

வாசற்படியில் கால் வைத்தாள். பீரோ நின்றது. மேஜை நின்றது. தையல் மிஷின் நின்றது. நிற்காதது பின்சுவர் மட்டும்தான். அந்த வழியாக ஒரு எருமை அவளை எட்டிப் பார்த்தது.

"எல்லாம் வித்தாச்சுன்னு சொன்னாங்களே!"

"வித்தாச்சு வடிவு" என்றார் ஏகாம்பரம், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. "இதுல ஒரு ஊசிகூட நம்மது கிடையாது. எல்லாம் வாங்கினவரோடது."

"எந்த வாங்கினவர்?"

"ஏகாம்பரம்னு ஒருத்தர். தங்கமான ஆளு."

வடிவு போனைப் பிடுங்கிப் பார்த்தாள். அவளுக்கு விஷயம் புரிய அதிக நேரம் ஆகவில்லை. சுவரில் போய் முட்டிக்கொள்ளலாம் என்று தோன்றியது. சுவர் இல்லை. மேஜைமேல் உட்கார்ந்து, மூவரையும் வரிசையாகப் பார்த்தாள்.

"ஏகாம்பரத்தோட பொண்டாட்டி யாரு?"

"நீங்கதான் அண்ணி" என்றான் சவரிமுத்து.

"அப்ப ஏகாம்பரம் வாங்கின சாமான் மேல எனக்கு உரிமை உண்டா, இல்லையா?"

மூவரும் ஒதுங்கி நின்று கிசுகிசுத்தார்கள். "சட்டப்படி அவங்க சொல்றது சரிதான் அண்ணே" என்றான் குப்புராசு. ஏகாம்பரம் கண்கலங்கத் தலையாட்டினார். வடிவு இன்னொருவர் மனைவியாகிவிட்டாளே என்ற துக்கம் அவருக்கு. ஆனாலும் அந்த மனுஷர் தங்கமானவர் என்பதில் ஓர் ஆறுதல்.

வடிவு சந்தில் இறங்கி ஒரு சத்தம் போட்டாள்: "பழைய சாமான்! வேணுங்கறவங்க வந்து அள்ளிட்டுப் போங்க!"

சுவர் இல்லாதது எவ்வளவு வசதி என்று அப்போதுதான் தெரிந்தது. இஸ்திரிக் கடைக்காரர் மேஜையைத் தூக்கினார். டீக்கடை மாஸ்டர் நாலு ஆளோடு வந்து பீரோவை இழுத்துக்கொண்டு போனார். மதியத்துக்குள் வீடு கூட்டிவிட்ட களம் மாதிரி ஆனது. வடிவு நடுக்கூடத்தில் பாயை விரித்து, கையைக் காலை நீட்டி, பெருமூச்சு விட்டுப் படுத்தாள்.

ஏகாம்பரத்துக்கோ இருப்புக்கொள்ளவில்லை. ஆலமரத்தடியில் உட்கார்ந்து, வாங்கியவருக்கு ஒரு சேதி அனுப்பச் சொன்னார். குப்புராசு காலால் தட்டினான்: 'ஐயா, உங்க சாமான் எல்லாத்தையும் ஊர் சனம் தூக்கிட்டுப் போயிடுச்சு. மனசு விட்டுடாதீங்க. நாங்க இருக்கோம். ஏகாம்பரம்.'

அடுத்த நொடி ஏகாம்பரத்தின் போனிலேயே ஒரு சேதி வந்தது: 'ஐயா, உங்க சாமான் எல்லாத்தையும் ஊர் சனம் தூக்கிட்டுப் போயிடுச்சு. மனசு விட்டுடாதீங்க. நாங்க இருக்கோம். ஏகாம்பரம்.'

"டேய், நம்ம சாமானும் போயிடுச்சாம்டா!"

"நம்மகிட்டதான் சாமானே இல்லையே அண்ணே?"

"போனதாலதானடா இல்லை!"

சவரிமுத்து தலையில் கை வைத்துக்கொண்டான்.

"பறிகொடுத்தவர் அவரு. அவரு நமக்கு ஆறுதல் சொல்றாரு. இனியும் போய்ப் பாக்கலைன்னா நாம மனுஷங்களே இல்லை" என்று எழுந்தார் ஏகாம்பரம்.

வெள்ளைச் சட்டை மாட்டிக்கொண்டு, சந்து வழியாக அந்த முகவரிக்குப் போனார்கள். பாயில் கிடந்தவள் எழுந்து வந்தாள். முகத்தைப் பார்த்தால் அச்சு அசல் வடிவுதான். ஆனால் முகவரி அந்த மனுஷருடையது. ஏகாம்பரம் முகத்தைவிட முகவரியை நம்பினார்.

கைகூப்பி, "அம்மா, வீட்டுக்காரர் இருக்காரா?" என்றார்.

வடிவு அவரை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு சந்தில் கிடந்த செங்கல் குவியல் அவள் கண்ணில் பட்டது.

"வெளியில போயிருக்கார். சாமான் போன துக்கத்தைக்கூடத் தாங்கிக்குவார். ஆனா இந்தச் சுவர் இப்படிக் கிடக்கறதைப் பாத்தாத்தான் உடைஞ்சு போயிடுவார்."

மூவரும் வேட்டியை மடித்துக் கட்டினார்கள். சேறு குழைத்தார்கள், செங்கல் அடுக்கினார்கள். முன்பின் தெரியாத ஒரு மனிதருக்காக இப்படி உழைத்தவர்களை அசமந்தபுரம் அதுவரை கண்டதில்லை. பொழுது சாய்வதற்குள் சுவர் எழும்பிவிட்டது. கொஞ்சம் கோணல்தான், ஆனால் சுவர்தான். வடிவுக்குக் கோபமெல்லாம் போன இடம் தெரியவில்லை. வாசல் வழியாகச் சந்துக்குச் சுற்றி வந்தவளுக்கு, ஏகாம்பரத்தின் நெற்றியில் மண் ஒட்டியிருந்ததைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது.

"சரி சரி, கையைக் கழுவிட்டு உள்ள வாங்க. காப்பி கலந்து வச்சிருக்கேன்."

ஏகாம்பரம் பதறிப்போய் இரண்டடி பின்வாங்கினார்.

"மன்னிக்கணும்மா. வீட்டுக்காரர் இல்லாத நேரத்துல அடுத்த ஆம்பளை உள்ள வந்து காப்பி குடிக்கறது முறையில்ல. எனக்கும் ஒரு பொண்டாட்டி இருக்கா. தெரிஞ்சா உண்டு இல்லைன்னு ஆக்கிடுவா" என்று சொல்லிவிட்டு, விறுவிறுவென்று சந்தைச் சுற்றித் தன் வீட்டு வாசலுக்குக் கிளம்பினார்.