மூக்காயியும் வற்றாத குடமும்

முன்னொரு காலத்திலே, மலைகளுக்கெல்லாம் இன்னும் பெயர் வைத்து முடிக்காத அவ்வளவு முன்னொரு காலத்திலே, ஏழுசுனை என்று ஒரு சின்ன ஊர் இருந்தது. பெரியவர்களும் கேட்கலாம், சிறியவர்களும் கேட்கலாம். கொட்டாவி விடுகிறவர்கள் மட்டும் தயவுசெய்து பின்வரிசைக்குப் போய்விடுங்கள்.

அந்த ஊர்ச் சந்தையில் ஒரு தேன்கடை. கடைக்காரி பெயர் மூக்காயி. பெயருக்கேற்ற மூக்கு. மூக்கைவிட நீளம் அவள் வாய். அவள் புருஷன் சடையன் பரம சாது. மலையடிவாரத்தில் நாற்பது கூடு வைத்து இரண்டு பேரும் தேனீ வளர்த்தார்கள். முருங்கை பூத்தால் முருங்கைத்தேன், புளி பூத்தால் புளியம்பூத்தேன், வேம்பு பூத்தால் வேப்பந்தேன். ஒன்று மஞ்சள், ஒன்று சிவப்பு, ஒன்று கருப்பு.

"போன மாசம் வாங்குனது வேற ருசியா இருந்துச்சே?" என்று யாராவது கேட்டால் போதும்.

"போன மாசம் பூத்ததும் வேற பூவுதான? என்னைய ஏன் கேக்குற, தேனீகிட்டப் போயிக் கேளு!" என்பாள்.

ஏழுசுனையில் தேன் வியாபாரத்துக்கு ஒரு சட்டம் உண்டு. விற்கிறவர் முதலில் தான் ஒரு சொட்டு நக்கிக் காட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் வாங்குகிறவர் உள்ளங்கையில் ஒரு சொட்டு. பிடித்திருந்தால் வாங்கலாம். பிடிக்கவில்லை என்றால் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போகலாம், யாரும் கோபிக்கக் கூடாது. இதைக் கல்லில் வெட்டிச் சந்தை நடுவில் நட்டிருந்தார்கள். ராஜாவே வந்து தேன் விற்றாலும் இதுதான் சட்டம்.

ஒரு நாள் காலையில், பட்டுச் சால்வையும் பளபளக்கிற சிரிப்புமாக ஒருவன் வந்து இறங்கினான். கையில் ஒரு தங்கக் குடம். அவன்தான் மந்திரவாதி தித்திப்பன்.

"ஏழுசுனை மக்களே! இது வற்றாத தேன். என்றும் ஒரே நிறம், என்றும் ஒரே ருசி. விலையே கிடையாது. வாருங்கள், நக்குங்கள்!"

வழக்கம் தெரிந்த ஊர்தானே, 'முதலில் நீர் நக்கும்' என்று கேட்டிருக்க வேண்டாமா? கேட்கவில்லை! "அவரு விக்கலையே, சும்மாதான தர்றாரு. சும்மா தர்றதுக்குச் சட்டம் எதுக்கு?" என்று சொல்லிக்கொண்டு முண்டியடித்து வரிசையில் நின்றார்கள். இந்தச் சும்மா என்கிற சொல்லைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. கயிறு வாங்கப் போன சடையனும் ஒரு சொட்டு நக்கிவிட்டான். ஊர்வலம் போன ராஜாவும் பல்லக்கை நிறுத்தி மூன்று சொட்டு நக்கினார்.

மறுநாள் முதல் ஊரே மாறிப்போனது. யார் என்ன சொன்னாலும், நக்கினவர்கள் வாயில் ஒரே பதில்தான்.

"உங்கள் வயலுக்கு வரும் தண்ணீரை என் தாமரைக் குளத்துக்குத் திருப்பப் போகிறேன்" என்றான் தித்திப்பன்.

"ஆகட்டும், அப்படியே ஆகட்டும்" என்றார்கள் உழவர்கள்.

"உங்கள் மாடுகள் இனி என் தேரை இழுக்கட்டும்" என்றான்.

"ஆகட்டும், அப்படியே ஆகட்டும்" என்றார்கள் மாட்டுக்காரர்கள்.

"அரியணையில் நான் உட்காருகிறேன், நீங்கள் கீழ்ப்படியில் உட்காருங்கள்" என்றான் ராஜாவிடம்.

"ஆகட்டும், அப்படியே ஆகட்டும்" என்றார் ராஜா.

ஊரிலே நக்காதவள் ஒருத்திதான். அவள் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. தித்திப்பன் குடத்தைத் தூக்கிக்கொண்டு அவள் கடைக்கே வந்தான்.

"ஒரே ஒரு சொட்டு தாயே."

"நீங்க மொதல்ல நக்குங்க ஐயா."

"பார்ப்போம், பார்ப்போம்" என்று சிரித்தான்.

"அப்ப நானும் மாட்டேன்."

மறுநாள் ஒரு வண்டி நிறையப் பட்டும் நகையும் கொண்டுவந்தான். "இவ்வளவும் உனக்கு. ஒரு சொட்டு நக்கு."

"நீங்க மொதல்ல நக்குங்க."

"யோசிப்போம், யோசிப்போம்."

"மாட்டேன்னா மாட்டேன். வண்டிய ஓரமாத் தள்ளுங்க, வாடிக்கை வர்ற வழிய மறைக்குது."

வாடிக்கை எங்கே வந்தது? மாதத்துக்கு ஒரு ருசி இப்போது யாருக்கு வேண்டும்? ஆனாலும் மூக்காயி தினமும் கடை திறந்தாள், தினமும் ஜாடிகளைத் துடைத்து அடுக்கினாள்.

மூன்றாம் நாள் தித்திப்பன் வெறுங்கையோடு வந்தான். சிரிப்பும் வரவில்லை.

"இந்த நாட்டில் இனி ஒரே தேன்தான். வரும் வெள்ளிக்கிழமை உச்சிப்பொழுதில் உன் நாற்பது கூட்டையும் கொளுத்தப் போகிறேன். தீ வைக்கப் போவது நானில்லை." அவன் சடையன் பக்கம் திரும்பினான். "நீ வைப்பாய்தானே?"

சடையன் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது. வாய் மட்டும், "ஆகட்டும், அப்படியே ஆகட்டும்" என்றது.

மூக்காயிக்கு அன்றுதான் முதன்முதலாகப் பேச்சு வரவில்லை. கூடுகள் இருக்கிற இடத்துக்குப் போய், ஒரு கல்லில் உட்கார்ந்து, ஆத்திரம் தீர அழுதாள். அந்தத் தேனீக்கள் எல்லாம் அவள் பெறாத பிள்ளைகள். அதுகளைக் கட்டின புருஷன் கையாலேயே கொல்லச் சொல்கிறான் என்றால் அந்தத் தித்திப்பன் மனுஷனா?

அப்போது ஒரு கொசுத்தேனீ, எள்ளளவு பூச்சி, அவள் மூக்கின் மேல் வந்து உட்கார்ந்தது.

"அழுது முடிச்சிட்டியா, இல்ல இன்னும் இருக்கா?" என்று கேட்டது.

"நீ பேசுவியா!"

"நீ பேசுறப்ப மத்தவங்களுக்கு எங்க எடம் இருக்கு? இன்னிக்குத்தான் வாய மூடுன. கேளு. நான் அந்தக் குடத்துக்குள்ள போயிட்டு வந்தேன். உள்ள இருக்குறது தேனே இல்ல."

"பின்ன?"

"'மாட்டேன்'ங்குற சொல்லு. நக்குறவங்க ஒவ்வொருத்தர் வாயிலிருந்தும் அது உருகிக் குடத்துல சொட்டுது. அதனாலதான் வத்தவே மாட்டேங்குது. முதல் சொட்டு அவனோடது. அதை வச்சுத்தான் குடத்தோட அடியவே அடைச்சிருக்கான். அந்தச் சொல்லு அவன் வாய்க்குத் திரும்புன நிமிசம் குடம் நிக்காது."

மூக்காயி கண்ணைத் துடைத்தாள். பார்ப்போம் என்றான், யோசிப்போம் என்றான். ஒரு தடவையாவது மாட்டேன் என்றானா? இல்லையே!

"அட களவாணிப் பயலே!" என்று எழுந்தாள்.

வெள்ளிக்கிழமை உச்சிப்பொழுது. சந்தைக்கல்லின் அருகே நாற்பது கூட்டையும் கொண்டுவந்து குவித்திருந்தார்கள். ஊர் முழுக்கக் கூடி நின்றது. சந்தைக்கே தூக்கிவந்த அரியணையில் தித்திப்பன், கீழ்ப்படியில் ராஜா, இருவருக்கும் நடுவில் தங்கக் குடம். சடையன் கையில் எரிகிற பந்தம்.

"கீழ போடுங்க அதை!" என்று கத்தினாள் மூக்காயி.

"ஆகட்டும்" என்று சடையன் பந்தத்தைக் கீழே போட்டான்.

"எடு" என்றான் தித்திப்பன்.

"ஆகட்டும்" என்று எடுத்தான்.

போடச் சொன்னாள், போட்டான். எடுக்கச் சொன்னான், எடுத்தான். மூன்று தடவை இப்படியே நடந்தது. தித்திப்பன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"பார்த்தாயா? நீ சொன்னாலும் கேட்கிறார்கள்! பாதி ஊர் உனக்கு, பாதி ஊர் எனக்கு. உன் புருஷன் ஆயுசுக்கும் உன் பேச்சைக் கேட்டே நடப்பான். எந்தப் பெண்ணுக்குக் கிடைக்கும் இந்தப் பாக்கியம்?"

மூக்காயி சடையன் முகத்தைப் பார்த்தாள். போடுவதா, பிடிப்பதா என்று அடுத்த சொல்லுக்காக அவன் காத்துக்கொண்டிருந்தான்.

"மாட்டேன்! கயிறு இழுத்தா ஆடுற பொம்மை எனக்கு வேணாம். எம் புருசன் எனக்கு ஆளா வேணும்." அவள் படியேறி அவன் எதிரே நின்றாள். "ஐயா, உங்க தேன் ஒரு சொட்டு எனக்கு வேணும். ஆனா சும்மா வேணாம், வெலைக்கு வாங்கிக்கிறேன். என் நாப்பது கூடும், என் கடையும், அதுதான் வெலை. விக்கிறீங்களா?"

ஊரிலேயே மிச்சம் இருந்த ஒரே 'மாட்டேன்' தானாக வந்து குடத்தில் விழுகிறது! தித்திப்பனுக்குத் தலைகால் புரியவில்லை.

"விற்றேன்! ஊரறிய விற்றேன்!" என்றான்.

"அப்ப இது வியாபாரம். அந்தக் கல்லுல என்ன எழுதியிருக்கு? விக்கிறவரு மொதல்ல நக்கணும்." மூக்காயி குடத்தில் விரலை விட்டு, சொட்டச் சொட்ட அவன் வாய்க்கு நேரே நீட்டினாள். "நக்குங்க."

தித்திப்பன் முகத்திலிருந்த சிரிப்பு மெல்ல வடிந்தது. நக்கினால் அவனும் ஆகட்டும் சொல்லும் கூட்டத்தில் ஒருவன். நக்காவிட்டால்?

"பார்ப்போம்..."

"பாத்தது போதும். நக்குங்க."

"யோசிப்போம்..."

"யோசிச்சதும் போதும். நக்குறேன்னு சொல்லுங்க, இல்ல இன்னொண்ணைச் சொல்லுங்க. நடுவுல நிக்கிறதுக்கு இங்க எடம் கிடையாது."

அவன் பின்னால் நகர்ந்தான். அதற்குள் நாற்பது கூட்டுத் தேனீக்களும் எழும்பி, அரியணையைச் சுற்றி ரீங்காரத்தோடு வேலி கட்டின. காவலரைக் கூப்பிடலாம் என்றால் வாயைத் திறக்க வேண்டும். திறந்தால் விரல் உள்ளே வரும். உதட்டை இறுக மூடிக்கொண்டு தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினான்.

"தலையாட்டுனா செல்லாது ஐயா, வாயால சொல்லணும்."

அந்த நேரம் பார்த்து, நம் எள்ளளவு கொசுத்தேனீ அவன் வலது மூக்குத் துளைக்குள் புகுந்தது. நல்லவேளை, அதற்குக் கொடுக்கு கிடையாது, கூச்சம் மூட்டுகிற ஆறு கால்கள்தான் உண்டு. தித்திப்பன் நெளிந்தான், சிவந்தான், மூச்சுக்குத் தவித்தான், வாயை ஆவென்று திறந்தான். விரல் நெருங்கியது.

"மாட்டேன்! மாட்டேன்! நக்க மாட்டேன்!"

சுற்றியிருந்த மலைகள் எதிரொலித்தன. குடத்தின் அடி பிளந்தது. உள்ளேயிருந்து ஆயிரம் ஆயிரமாகப் பொன்னிறச் சொட்டுகள் எழுந்து சிறகடித்து, அவரவர் உதட்டைத் தேடிப் போய் உட்கார்ந்தன. பிறகு ஊரே வாய் திறந்தது.

"தண்ணியத் தர மாட்டோம்!" என்றார்கள் உழவர்கள்.

"மாட்டத் தர மாட்டோம்!" என்றார்கள் மாட்டுக்காரர்கள்.

"கீழ்ப்படியில் உட்கார மாட்டேன்!" என்று ராஜாவே குதித்து எழுந்தார்.

தித்திப்பன் செருப்பைக்கூட எடுக்காமல் ஓடினான். அதற்குப் பிறகு எந்த ஊரில் போய் எந்தக் குடத்தைக் காட்டினாலும், "நீர் முதலில் நக்கும்" என்று சொல்லி விரட்டினார்களாம். நன்றாக வேண்டும் அவனுக்கு!

வயலுக்குத் தண்ணீர் திரும்பியது. ராஜா மூக்காயியை அழைத்து, "இனி நீதான் அரண்மனைத் தேன்காரி. அரண்மனைக்கு மட்டும் தேன் கொடுத்தால் போதும்" என்றார்.

"மாட்டேன் ராசா. தேன் வேணும்னா சந்தைக்கு வாங்க, வரிசையில நில்லுங்க."

ராஜாவுக்குக் கோபம் வரப் பார்த்தது. ஆனால் மாட்டேன் என்கிற சொல் இல்லாமல் இத்தனை நாள் பட்ட பாடு நினைவுக்கு வந்தது. மறுவாரம் அவரும் வந்தார். கூடைக்காரி ஒருத்திக்குப் பின்னால் வரிசையில் நின்று, உள்ளங்கையை நீட்டி, முருங்கைத்தேன் வாங்கிப் போனார்.

சடையன்? எல்லோரும் கலைந்த பிறகும், அணைந்த பந்தத்தைப் பார்த்தபடி கல்லடியிலேயே உட்கார்ந்திருந்தான். மூக்காயி அருகில் போய் அவன் தோளைத் தொட்டாள்.

"எந்திரிங்க, வீட்டுக்குப் போவோம். கம்பங்கூழ் கரைச்சுத் தர்றேன்."

"வேணாம்" என்றான் சடையன்.

"என்னது?"

"கம்பங்கூழ் வேணாம். எனக்குப் பிடிக்காது. இருவது வருசமாப் பிடிக்காது."

மூக்காயி இடுப்பில் கைவைத்தாள். "இருவது வருசமா ஏன் சொல்லல?"

"நீ எங்க கேட்ட?"

வாயில் வந்த பதிலை மூக்காயி அப்படியே விழுங்கினாள். ஊருக்கெல்லாம் மாட்டேன் என்று சொல்ல உரிமை கேட்டவள், தன் வீட்டில் ஒருவன் அதைச் சொல்ல இடம் விட்டாளா? யோசிக்க யோசிக்க அவளுக்கு வெட்கமாக இருந்தது. சேலையை ஒதுக்கிக்கொண்டு அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"சரி, வேற என்னென்ன பிடிக்காது? ஒண்ணு விடாமச் சொல்லுங்க."

சடையன் தொண்டையைச் செருமிக்கொண்டு விரல்விட்டுச் சொல்ல ஆரம்பித்தான். இரண்டு கை விரல்களும் போதவில்லை. நடுநடுவே அவளுக்கு வாய் துறுதுறுத்தது. ஆனாலும் ஒரு சொல் பேசாமல், அவன் சொல்லி முடிக்கிறவரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தாள் மூக்காயி.