கண்ணில்லாத கிளியும் ஏழு முடிச்சும்

ஒரு ஊர்ல ஒரு பூங்காவனம் இருந்தா. பூந்தோட்டம் இல்லடி மங்கை, அவ பேரே அதுதான். சிரிக்காத. அத்தை கதை சொல்றப்போ "ம்" மட்டும் போடணும்.

ம்.

அந்தப் பூங்காவனத்துக்குக் கை சும்மா இருக்காது. இன்னைக்குத் தலையணை உறையில கிளி தைப்பா, நாளைக்குப் பாசிமணி கோப்பா, மறுநாள் வயர்கூடை பின்னுவா. ஆனா எல்லாம் பாதி, முழுசா ஒண்ணு கிடையாது. பாதி ஆனதும் டொப்புனு பெட்டியில போட்டு மூடிடுவா. யாரோ மாதிரி இருக்கா? நான் யார் பேரும் சொல்லலியே.

ம்.

அவளுக்கு ஒரு சிநேகிதி, வேதவல்லி. ரெண்டு பேரும் மழைக்கு ஒதுங்கின கோழி மாதிரி ஒட்டிக்கிட்டே இருப்பாங்க. பூங்காவனம் பச்சை வயர்ல கூடை பின்னுவா, நடுவுல வெள்ளையில ஒரு பூ. வேதவல்லி எதிர்ல உக்காந்து முடிச்சு எண்ணுவா. பூ எப்படி வரும் தெரியுமா? மொதல் சுத்துல ஒரு வெள்ளை முடிச்சு, அடுத்ததுல மூணு, அதுக்கடுத்து அஞ்சுன்னு விரிஞ்சுகிட்டே போயி, அப்புறம் அதே மாதிரி குறைஞ்சு வரும். வேதவல்லிக்குத்தான் அந்தக் கூடை. கல்யாணம் ஆனா எடுத்துட்டுப் போகட்டும்னு.

அப்போ ஒரு நாள் வேதவல்லி என்ன சொன்னா? "நீ எதையாவது முடிச்சிருக்கியாடி? இதையும் முடிக்க மாட்டே" அப்படின்னா. விளையாட்டாத்தான் சொன்னா. ஆனா சுருக்குனு குத்திடுச்சு. நிஜம்னா குத்தத்தானே செய்யும். பூங்காவனம் கூடையைப் பெட்டியில போட்டா, பேச்சையும் நிறுத்திட்டா. எட்டு மாசம்.

எட்டு மாசமா?

ஆமா, ரோஷம். அப்புறம் வேதவல்லிக்குக் கல்யாணம் முடிவாச்சு. மாப்பிள்ளை ஊரு ரெண்டு நாள் ரயில் தூரம். அவ கிளம்ப இன்னும் மூணே நாள்தான். "கூடை கொடுக்காம அவளை அனுப்பிட்டா, அவ சொன்னதுதானே உண்மையாயிடும்"னு நெனச்சா பூங்காவனம். பெட்டியைக் கரக்குனு திறந்தா. கூடை இருக்கு, பூ அஞ்சு முடிச்சோட நிக்குது. இனிமே விரிக்கணுமா, குறைக்கணுமா? ஞாபகம் இல்ல. எங்கயும் எழுதியும் வெக்கல.

வேதவல்லியைக் கேக்கலாமே?

கேக்கலாம். கேட்டா வாயில முத்தா உதிர்ந்துடும்? ஆனா கேக்கல.

மொதல் நாள் விரிச்சா. ஏழு, ஒம்பது, பதினொண்ணு. சரக் சரக்னு பின்னினா. பூ ஊதிப்போயி பூசணிக்காய் ஆயிடுச்சு. மேல இடமே இல்ல. பிரிச்சா.

ரெண்டாம் நாள் அஞ்சுலேர்ந்தே குறைச்சா. பூ அமுங்கிப்போன கொழுக்கட்டையா வந்துச்சு. திரும்பப் பிரிச்சா. பிரிக்கப் பிரிக்க வயர் நசுங்கி, பட்டுனு அறுந்துச்சு. கடைக்கு ஓடினா. அங்க பச்சை இருந்துச்சு, ஆனா இந்தப் பச்சை இல்ல, பாசிப் பச்சை. கையில மிஞ்சின பச்சை அந்தப் பூ முடியற வரைக்கும்தான் வரும். இன்னொரு தப்பு பண்ண வயர் இல்ல.

ம்.

மூணாம் நாள் பெட்டிகிட்ட உக்காந்து அழுதா. அப்போ உள்ளேர்ந்து "கீ... கீ..." யாருன்னு பாத்தா, தலையணை உறையில அவ பாதியில விட்ட கிளி. சிறகு இருக்கு, மூக்கு இருக்கு, கண்ணு மட்டும் இல்ல.

"எனக்குத் தெரியும். மொதல்ல எனக்குக் கண்ணு வை"ன்னுச்சு கிளி.

"நேரம் இல்ல கிளி. நாளைக்குக் காலையில அவ கிளம்பறா."

"எனக்கும் எட்டு மாசமா இருட்டு."

பூங்காவனத்துக்கு வெக்கமாப் போச்சு. கறுப்பு நூலைக் கோத்து, குட்டியா ஒரு முடிச்சு. சரியா வரல, பிரிச்சு இன்னொண்ணு. வேலையில கை ஊறினதும் அவசரம் மறந்துபோச்சு, தன்னால ஏதோ பாட்டு முனகினா. எட்டு மாசம் கழிச்சு அன்னைக்குத்தான் சந்தோஷமாத் தைச்சா.

கிளி படக்குனு கண்ணைத் தொறந்துச்சு. "அன்னைக்கு மழை. நீங்க ரெண்டு பேரும் வேர்க்கடலை தின்னீங்க. தோலு என் மேலதான் விழுந்துச்சு. எனக்குக் கண்ணுதான் இல்ல, காது இருந்துச்சு. வேதவல்லி எண்ணினா. 'ஏழோட நிறுத்துடி, அப்புறம் இறக்கு'ன்னா."

மழைன்னதும் எல்லாம் வந்துடுச்சு அவளுக்கு. அந்தக் கடலை வாசனை, வேதவல்லி சிரிச்ச சிரிப்பு, ஏழு. மளமளன்னு பின்னினா. பூ முடிஞ்சுது, பச்சையும் தீந்துது. மேல, பெட்டியில கிடந்த சிவப்பு வயரு வெச்சு முடிச்சா.

காலையில வாசல்ல வேன் நிக்குது. கூட்டத்துல நுழைஞ்சு கூடையை நீட்டினா. வேதவல்லி திருப்பித் திருப்பிப் பாத்தா.

"பச்சையில ஆரம்பிச்சு இங்க ஏன்டி சிவப்பு?"

"நீ எண்ணாம நானா பின்னினேன். ரெண்டு தடவை தப்பாச்சு. அதுல தீந்துபோச்சு."

வேதவல்லி விரலை வெச்சு எண்ணினா. "ஏழுல இறக்கியிருக்க. நான் சொன்னது ஞாபகம் இருந்துச்சா?"

"இல்ல. கிளி சொல்லுச்சு."

சிரிச்சா வேதவல்லி. சிரிப்பு பாதியிலயே அழுகையாயிடுச்சு. "அன்னைக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுடி"ன்னா. "நானும் உன்னை வந்து கேட்டிருக்கணும்"னா பூங்காவனம். அதுக்குள்ள வேன் கிளம்பிடுச்சு.

மிச்சம் பாதியெல்லாம் முடிச்சாளா அத்தை?

எங்க முடிச்சா? இன்னும் ரெண்டு புதுசா ஆரம்பிச்சா. ஆனா பெட்டியில போடறப்போ ஒரு சீட்டு எழுதிக் கட்டிடுவா. கை எங்க நின்னுச்சு, அன்னைக்கு என்ன தின்னோம், யாரு கூட இருந்தா. எண்ணிக்கை மட்டும் எழுதினா விட்ட எடத்துக்குக் கை திரும்பாதாம். கடலையும் எழுதணுமாம்.

நீ பாசிமணி மாலை முடியலன்னு அழுதியே, அதுலயும் ஒரு சீட்டு கட்டிட்டேன். "நீலம் ஏழு, மஞ்சள் ஒண்ணு. முறுக்கு தின்னுகிட்டே கோத்தது. அத்தை கூட இருந்தா." நாளைக்கு நீ கோத்து விட்ட எட்டாவது மணி அங்கயேதான் இருக்கும், எங்கயும் போவாது.

ம்...

கிளி கண்ணைத் தொறந்துச்சு, கூடை ஊரு போய்ச் சேந்துச்சு, கதை முடிஞ்சுது. இப்போ நீ கண்ணை மூடு.