சாம்பியின் ஈர மூக்கு

அந்தக் காலத்தில், மிருகங்கள் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது, நாய்களின் மூக்கு உலர்ந்துதான் இருக்கும். ஈர மூக்கு என்றால் நோய்க்கார மூக்கு என்று நாய்கள் முகம் சுளிக்கும். ஒரு துளி பட்டாலும் சுடுமணலில் தேய்த்துக் காயவைத்த பிறகுதான் மோப்பம் பிடிக்கும். தோல் உரிந்தாலும் சரி, அப்படியோர் ஆசாரம்!

ஆற்றங்கரைக் காட்டில் சாம்பி என்றொரு தாய்நாய். மருதமர வேரடியில் ஐந்து குட்டிகள் போட்டு எட்டு நாள்தான் ஆகியிருந்தது. குட்டிகளுக்குக் கண்கூடத் திறக்கவில்லை. ஒரு நாள் முற்பகலில், மேற்கே பெய்த மழை திடீரென்று ஆற்றில் வெள்ளமாக வந்துவிட்டது. சாம்பியும் அவள் துணை மொட்டைவாலனும் குட்டிகளைக் கவ்விக் கவ்வி மேட்டில் சேர்த்தார்கள். எண்ணிப் பார்த்தால் நான்குதான் இருந்தன.

சாம்பி கரைக்குத் திரும்ப ஓடி வந்து மோந்தாள். நாவல்பழக் காலம். உதிர்ந்த பழங்கள் கரையெங்கும் புளித்துக் கிடந்தன. மூக்கை எங்கே வைத்தாலும் அந்தப் புளிப்பு வாடையே உள்ளே முழுக்க அடைத்துக்கொண்டது. அதில் குட்டியின் பால்வாடையை எங்கே தேடுவது? மருதமர வேர்களுக்கிடையில் எத்தனையோ பொந்துகள், வெள்ளம் குட்டியை எதில் தள்ளியதோ! தண்ணீரோ ஏறிக்கொண்டே இருந்தது.

பதற்றத்தில் கால் இடறித் தலைகுப்புற விழுந்தாள். மூக்கெல்லாம் தண்ணீர்.

"ஏ புள்ள, மேல வா! மொதல்ல மூக்கக் காய வெச்சுக்க!" என்று மேட்டிலிருந்து கத்தினான் மொட்டைவாலன்.

"காயற வரைக்கும் எம்புள்ள மூச்ச அடக்கிட்டுக் கெடக்குமா?"

"ஈர மூக்கோட மோந்தா ஊரு என்ன சொல்லும்?"

"ஊரா பெத்துச்சு?"

சொல்லிவிட்டாளே தவிர, சாம்பிக்கும் பயம்தான். பிறந்ததிலிருந்து செய்யாத காரியம். சின்னச் சின்னதாக உறிஞ்சிப் பார்த்தாள். புளிப்புதான் வந்தது. குட்டி போய்விட்டதோ? கண்ணை மூடிக்கொண்டு ஒரே இழுப்பாக நீளமாக இழுத்தாள்.

புளிப்பு வாடைக்குத் தண்ணீர் என்றால் கொண்டாட்டம். ஈரத்தைக் கண்டதும் மூக்கு வாசலிலேயே கரைந்து ஒட்டிக்கொண்டது. பால்வாடை கொழுப்பு வாடை. அதற்கும் தண்ணீருக்கும் ஆகாது. ஈரத்தில் தங்காமல் நழுவி, மூக்கின் ஆழத்துக்குப் போய்ச் சேர்ந்தது. மெல்லிசாக, தனியாக, அவள் பிள்ளையின் வாடை!

வாடை வந்த பொந்துக்குள் தலையை நுழைத்தாள். வேரிடுக்கில், மோவாய் வரை தண்ணீரில் கிடந்தது குட்டி. கவ்விக்கொண்டு மேடேறினாள். கீழே விட்டதும் அது ஈனசுரத்தில் முனகியது. சாம்பி ஓவென்று அழுதாள். மொட்டைவாலன் குட்டியை நக்கித் துவட்டினான்.

மூக்கு காயத் தொடங்கியதும் சாம்பிக்குத் திக்கென்றது. நாக்கை நீட்டி நக்கி நனைத்துக்கொண்டாள். பார்த்த நாய்களெல்லாம் சிரித்தன. தங்கள் குட்டி காணாமல்போன நாளில் அவையும் ஓசைப்படாமல் நக்கிக்கொண்டன.

நாயின் மூக்கு ஈரமாக இருப்பதும், சின்னச் சின்னதாக மோந்துவிட்டு ஒரு நீள இழுப்பு இழுப்பதும் அன்று முதல்தான். குட்டிகள் அத்தனையும் மடியில் கிடந்து பால் குடிக்கும்போதுகூடத் தாய்நாய் மூக்கை நக்கிக்கொள்வதைப் பாருங்கள். ஒன்று குறைகிறதோ என்ற பயம் அதற்கு இன்னும் போகவில்லை.